கேட்கப் போனவர்கள்: இளம் கல்லூரி ஆசிரியர் ஒருவருக்குக் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

அரசுக் கலைக் கல்லூரியின் வரலாற்றுத் துறையில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த கையோடு திறன் பயிற்சிக்கான ஒருங்கிணைப்பாளர் பொறுப்பையும் உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். அந்த வேலையை முகம் சுளிக்காமல் செய். பிள்ளைகளுக்கு எக்செல் தெரிய வேண்டும், நேர்முகத் தேர்வில் நாக்குக் குழறாமல் பேசத் தெரிய வேண்டும். அதைக் கேவலமாகப் பேசும் பேராசிரியர்களோடு எனக்கு என்றைக்கும் ஒத்துப்போனதில்லை. கடிதத்தின் முடிவில் நீ கேட்டிருந்ததுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பயன் தரும் படிப்பு திறன் பயிற்சிதான் என்றால், மூன்று வருடம் நாம் நடத்தும் பி.ஏ. வரலாறு எதற்கு? இதே கேள்வியோடு வேலையில் சேர்ந்திருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்பதால் உனக்கான பதிலைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

இந்தக் கேள்விக்கு நம் ஸ்டாஃப் ரூமில் இரண்டு பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. இரண்டையும் நம்பாதே. கல்வி அறிவுக்காகத்தான், வேலைக்காக அல்ல என்பது ஒன்று. நிலமும் வீடும் உள்ள குடும்பத்தில் பிறந்தவர் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். பீடி சுற்றும் கூலியில் மகளுக்குத் தேர்வுக் கட்டணம் கட்டும் தாயிடம் போய் அதைச் சொல்ல நமக்கு வாய் வரக்கூடாது. வேலை கிடைத்தால் போதும், மற்றதெல்லாம் அலங்காரம் என்பது இன்னொன்று. இரக்கம் போலத் தோன்றும் இந்தப் பதிலைத்தான் நான் அதிகம் வெறுக்கிறேன். பெருநகரங்களுக்கு வெளியே பெரிய வளாகம் கட்டிக்கொண்டு, வருடத்துக்குப் பல லட்சம் கட்டணம் வாங்கும் தனியார் பல்கலைக்கழகங்கள் என்ன விற்கின்றன என்று பார். தத்துவம், வரலாறு, இலக்கியம், அரசியல், கொஞ்சம் கணிதம், நிறைய விவாதம். அங்கே அது தலைமைக்கான பயிற்சி. அதே பாடம் மாவட்டத் தலைநகரில் ஓடு வேய்ந்த பழைய கட்டடத்தில் நடந்தால் வேலைக்கு உதவாத டிகிரி. பணம் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு யோசிக்கக் கற்றுக்கொடுப்பார்களாம், இல்லாத வீட்டுப் பிள்ளைக்குச் சொன்னதைச் செய்யக் கற்றுக்கொடுத்தால் போதுமாம். இந்தப் பிரிவினையை நீ ஏற்றுக்கொள்ளக்கூடாது. இதை உன்னிடம் கெஞ்சியே கேட்கிறேன்.

இந்தக் கல்லூரிகள் எதற்காகத் தொடங்கப்பட்டன என்பது உனக்குத் தெரியும். 1835இல் மெக்காலேயின் குறிப்பு, 1854இல் சார்லஸ் வுட்டின் அறிக்கை, 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள். கச்சேரிக்கும் கோர்ட்டுக்கும் ஆங்கிலம் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. நோக்கம் அவ்வளவுதான் என்று பாடப்புத்தகம் முடித்துவிடும். வகுப்பில் நீ அங்கே நிறுத்தாதே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவர்களில் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை அரசு வேலையும் பார்த்தார், பிற்காலத்தில் நீதிபதியாகவும் இருந்தார். ஆனால் இன்று நாம் அவரை நினைப்பது தொல்காப்பிய உரைகளையும் 1887இல் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்ததற்காக. குமாஸ்தா வேண்டும் என்று திறந்த கடையில் பதிப்பாசிரியர் கிடைத்தார். கல்வியைக் கொடுத்தவரின் நோக்கத்தை வாங்கியவர் அப்படியே காப்பாற்றியது நம் வரலாற்றில் எப்போதுமே நடந்ததில்லை.

உ.வே.சா.வின் கதையைத் தமிழ்த் துறைக்காரர்கள் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வரலாற்று வகுப்பிலும் அதைச் சொல்லவேண்டும். அவர் பட்டம் பெற்றவரல்லர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்து, திருவாவடுதுறை ஆதீனத்தில் வளர்ந்து, 1880 பிப்ரவரியில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தவர். அதே வருடம் அக்டோபரில், ஊருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். இவர் அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ், உலா என்று அடுக்கிக்கொண்டே போகிறார். கேட்டவர் அசையவில்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்கிறார். தான் கற்ற கடல் எவ்வளவு சிறியது என்பது அந்த அறையில்தான் உ.வே.சா.வுக்கு உறைக்கிறது. முதலியார் சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி ஒன்றைக் கொடுத்தனுப்புகிறார். படித்தால் சொல் தெரிகிறது, பொருள் பிடிபடவில்லை. நச்சினார்க்கினியர் உரை கையில் இருந்தும் பல இடங்கள் இருட்டாக இருக்கின்றன. ஏனென்றால் அது சமண நூல், அவர் வளர்ந்தது சைவச் சூழலில்.

இனி நடந்ததைத்தான் உன் மாணவர்களிடம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கும்பகோணத்திலேயே சமணக் குடும்பங்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டு அவர்கள் வீட்டுக்கு நேராகப் போகிறார் உ.வே.சா. அவருக்கு எட்டாத காப்பியம் அந்த வீடுகளில் பாராயண நூலாக இருக்கிறது. புலவர்கள் மறந்த நூலைக் குடும்பங்கள் காப்பாற்றி வைத்திருக்கின்றன. கல்லூரியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடம் சொல்பவர், அவர்கள் திண்ணையில் மாணவராக உட்கார்ந்து சந்தேகம் கேட்கிறார். 1887இல் சிந்தாமணி அச்சாகிறது. பிறகு மணிமேகலைக்கு வரும்போது பௌத்தம் குறுக்கே நிற்கிறது. சமணர் வீட்டுக்குப் போனதுபோல் போய்க் கதவைத் தட்டப் பௌத்தர் வீடு ஊரில் இல்லை. அதே கல்லூரியில் வேலை பார்த்த மளூர் ரங்காசாரியார் பௌத்தம் பற்றி ஆங்கிலத்தில் வந்த நூல்களைப் படித்து அவருக்கு விளக்குகிறார். 1898இல் மணிமேகலை வெளிவருகிறது. ஸ்மார்த்தர் ஒருவரும் வைணவர் ஒருவரும் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து, வெள்ளைக்காரர் எழுதிய புத்தகத்தின் துணையோடு, தமிழின் பௌத்தக் காப்பியத்தைப் படித்துப் புரிந்துகொள்கிறார்கள். பரந்த கல்வி என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்தக் காட்சியைத்தான் சொல்வேன். தனக்குத் தெரியாதது இன்னொருவர் வீட்டில் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வது, அங்கே போய்க் கேட்பது, கேட்டதைத் திரிக்காமல் உலகத்துக்குக் கொடுப்பது.

அந்தக் காட்சியின் குறையையும் சேர்த்தே சொல். அன்றைய கும்பகோணம் கல்லூரியில் படித்தவர்கள் பெரும்பாலும் பிராமணப் பிள்ளைகள். பெண்கள் இல்லை. காவிரிக் கரையில் நாற்று நட்டவர்களின் பிள்ளைகள் இல்லை. சமணர் வீட்டுக்குப் போகத் தெரிந்த அந்தக் கல்விக்குச் சேரிக்குப் போகும் வழி தெரிந்திருக்கவில்லை. ஆகவே கல்லூரிக் கல்வியின் நோக்கம் மாறியதற்கு எந்தக் கமிஷனையும்விட முக்கியமான காரணம், உள்ளே வந்து உட்கார்ந்த ஆட்கள் மாறியதுதான். 1948-49இன் ராதாகிருஷ்ணன் குழு பொதுக்கல்வி வேண்டும் என்று எழுதியது, 1964-66இன் கோத்தாரி குழுவும் நிறைய எழுதியது. ஆனால் வகுப்பறையின் முகத்தை மாற்றியது இடஒதுக்கீடும், சத்துணவும், பஸ் பாஸும், ஊருக்குப் பக்கத்தில் திறந்த கல்லூரிகளும். 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 18 முதல் 23 வயது வரையிலான பிரிவில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இந்தியாவில் 28.4, தமிழ்நாட்டில் 47. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. உன் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் அந்தப் பணத்தில்தான் பஸ் ஏறி வருகிறார்கள்.

இவர்களுக்கு என்ன கற்றுக்கொடுப்பது? அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தபோது ஜான் டூயியின் வகுப்புகளில் உட்கார்ந்தவர். ஜனநாயகம் ஓர் ஆட்சிமுறை மட்டுமல்ல, கூடி வாழும் முறை என்ற டூயியின் எண்ணத்தை அவர் சாதி ஒழிப்பு பற்றிய தன் எழுத்துக்கு எடுத்துக்கொண்டார். பிறகு 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில், அரசியலில் ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற சமத்துவமும் சமூகத்தில் பழைய ஏற்றத்தாழ்வும் ஒன்றாக இருக்கும் முரண்பாட்டுக்குள் நாடு நுழைகிறது என்று எச்சரித்தார். அந்த முரண்பாட்டை ஒரே வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் பேசித் தீர்க்க முடியாது. ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடித்திராதவர்கள் ஒன்றாக உட்கார்ந்து, காரணம் சொல்லி, காரணம் கேட்டு, முடிவெடுத்துத்தான் தீர்க்க வேண்டும். அதற்குப் பழகும் இடம் நம் நாட்டில் எங்கே இருக்கிறது? ஊரில் இல்லை, கோயிலில் இல்லை, கல்யாண மண்டபத்தில் இல்லை. பள்ளிக்கூடத்திலும் இருந்ததா என்பது சந்தேகம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனின் வீட்டுக்குள் புகுந்து அவனோடு படித்த பையன்களே வெட்டினார்கள். அதன் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, மாணவர்கள் சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொல்லும் நிலையில் நம் பள்ளிகள் இருக்கின்றன. அந்தக் கயிற்றைக் கழற்றி வைத்துவிட்டோ, சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டோதான் சிலர் உன் வகுப்புக்கு வருகிறார்கள். ஆக, அந்தப் பழக்கத்துக்கு மிஞ்சியிருப்பது உன் வகுப்பறைதான்.

இதற்கு உபதேசம் உதவாது. எல்லோரும் சமம், ஒற்றுமையாக இருங்கள் என்று நீ சொன்னால் தலையாட்டிவிட்டு கேன்டீனுக்குத் தனித்தனிக் கூட்டமாகப் போவார்கள். படித்தவன் நல்லவனாகிவிடுவான் என்று நான் சொல்லவும் இல்லை. டிகிரி வாங்கியவர்கள் தங்கை சாதி மாறிக் கல்யாணம் செய்ததற்காக அரிவாள் எடுத்ததைச் செய்தித்தாளில் நாமே படிக்கிறோம். வகுப்பறையில் செய்யக்கூடியது அதைவிடச் சிறியது. ஒரு சிக்கலான விஷயத்தை நேரடியாகப் பார்த்து, எதிர்த்தரப்பின் வாதத்தை எதிர்த்தரப்பே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்லி, அதற்குப் பிறகு தன் பதிலைச் சொல்லும் பழக்கம். அது ஒன்று படிந்தால் போதும்.

நான் பல வருடம் நடத்திய ஒரு பாடத்தைச் சொல்கிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள். சென்னை மாகாணம் எதிர் செண்பகம் துரைராஜன் வழக்கு. கரும்பலகையில் முதலில் 14 கட்டங்கள் போடுவேன். அன்றைய வகுப்புவாரி அரசாணையின்படி கல்லூரி இடங்கள் 14 என்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஆணையின் சொல்லில் அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. கட்டங்களை நிரப்பி முடித்துவிட்டு அரசமைப்பின் பிரிவு 29(2)ஐ எழுதுவேன். அரசு நடத்தும், அரசு உதவி பெறும் கல்வி நிறுவனத்தில் மதம், இனம், சாதி, மொழி என்பதை மட்டும் காரணமாக வைத்து எந்தக் குடிமகனுக்கும் இடம் மறுக்கக்கூடாது. இரண்டும் ஒரே பலகையில் அருகருகே இருக்கும். பிறகு சீட்டுக் குலுக்கி மனுதாரர் தரப்பு, அரசுத் தரப்பு, நீதிபதிகள் என்று மூன்றாகப் பிரிப்பேன். சீட்டுக் குலுக்குவதுதான் இதில் உயிர். நீயாகப் பிரித்தால், பெயரையோ ஊரையோ பார்த்துப் பிரித்தாய் என்று நினைப்பார்கள். எந்தக் காரணத்துக்காகவும் யார் என்ன சாதி என்று தெரிந்துகொள்ள முயலாதே. ஒருவர் தானாகச் சொன்னாலும் அதை அடுத்த வகுப்பில் சான்றாக இழுக்காதே.

ஒருமுறை, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பெண் ஒருத்திக்கு மனுதாரர் தரப்புச் சீட்டு வந்தது. அரைநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் நூலகத்தில் அரசமைப்புச் சட்டத்தை எடுத்துப் படித்துவிட்டு வந்து 29(2)ஐ வைத்து வாதாடினாள். அரசுத் தரப்புப் பையன்கள் திணறிப்போனார்கள். வாதம் முடிந்ததும் தன் இடத்துக்குப் போகாமல் பலகைக்கு முன்னாலேயே நின்று என்னைக் கேட்டாள். வேலைக்கு 16(4) என்று தனியாக ஒரு விலக்கு எழுதினார்களே சார், படிப்புக்கு ஏன் அப்படி ஒன்று எழுதாமல் விட்டார்கள்? உச்ச நீதிமன்றமும் 1951 ஏப்ரலில் ஏறத்தாழ அந்த இடத்தில்தான் நின்றது. வேலைக்கு விலக்கு இருக்கிறது, படிப்புக்கு இல்லை, ஆகவே அரசாணை செல்லாது என்றது. தமிழ்நாட்டில் கிளர்ச்சி நடந்தது. அதே வருடம் ஜூனில் முதல் அரசமைப்புத் திருத்தம் வந்து 15(4) சேர்ந்தது. அந்தப் பெண் தன் கல்லூரி இடத்துக்கு அடிப்படையான சட்டப் பிரிவை, அதை எதிர்த்து வாதாடியதன் வழியாகக் கண்டுபிடித்தாள். சலுகையில் வந்தவள் என்று இனி யாராவது அவளிடம் சொன்னால் அழமாட்டாள், எரிந்தும் விழமாட்டாள். உட்கார வைத்து விளக்குவாள். மனுதாரர் செண்பகம் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்ற செய்தியை நான் கடைசியில்தான் சொல்வேன். அதைச் சொன்னதும் அரசுத் தரப்பு எகிறிக் குதிக்கும். உடனே, விண்ணப்பித்திருந்த இன்னொரு மனுதாரர் இருந்தார், பொறியியல் கல்லூரி கேட்டவர், இப்போது என்ன சொல்கிறீர்கள் என்பேன். மறுபடியும் உட்கார்ந்து யோசிப்பார்கள். எக்செல்லைப் பழிக்கவில்லை தம்பி, இதற்கும் ஒரு வேலைச் சந்தை உண்டு. வக்கீலும் தாசில்தாரும் நிருபரும் ஊராட்சித் தலைவரும் நாள் முழுக்கச் செய்கிற வேலை இதுதான்.

உன் கருத்தை மாணவர்களிடம் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறாய். கேட்டால் சொல். ஒளித்து வைப்பது நேர்மையல்ல, அவர்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் இன்டர்னல் மார்க் உன் கையில் இருக்கிறது என்பதை ஒரு நாளும் மறக்காதே. உன் கருத்தை எழுதியவனுக்கு 8, எதிர்த்து எழுதியவனுக்கு 5 என்று ஒரே ஒருமுறை நடந்தால் போதும். அந்த பேட்ச் மூன்று வருடத்துக்கு உனக்குப் பிடித்ததை மட்டும் எழுதும். சான்றுக்கு மார்க் போடு, முடிவுக்குப் போடாதே. சாட்ஜிபிடியில் எழுதிக் கொண்டுவருகிறார்கள் என்று வருத்தப்பட்டிருந்தாய். அசைன்மென்டை வாங்கி வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஐந்து நிமிடம் எதிரே உட்கார வைத்து, அதிலுள்ள ஒரு வரியைக் காட்டி, இது உனக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் கேள். 60 பேருக்கு இதைச் செய்வது முதுகை ஒடிக்கும் வேலை. செமஸ்டருக்கு ஒருமுறையாவது செய்.

நம் பட்டப்படிப்பின் எலும்புக்கூடு உண்மையில் நல்ல எலும்புக்கூடு. பகுதி ஒன்றில் தமிழோ வேறு மொழியோ, இரண்டில் ஆங்கிலம், மூன்றில் மேஜரும் அலைடும், நான்கில் சுற்றுச்சூழலும் விழுமியக் கல்வியும், ஐந்தில் என்.எஸ்.எஸ். போன்றவை. வெளிநாட்டுக் கல்லூரிகள் பெருமையாகச் சொல்லும் பரப்பு இதில் இருக்கிறது. சதைதான் இல்லை. சுற்றுச்சூழல் தாளையே எடுத்துக்கொள். எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் போட்ட உத்தரவின் விளைவு அது. பட்டப்படிப்பு படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் தன்னைச் சுற்றியுள்ள மண்ணையும் நீரையும் அறிய வேண்டும் என்ற பெரிய எண்ணம். இன்று அது தேர்வுக்கு முதல் நாள் ஜெராக்ஸ் கடையில் வாங்கும் நோட்ஸ். அந்தத் தாளை எடுக்க யாருக்கும் மனமிருக்காது. நீயே கேட்டு வாங்கிக்கொள். கல்லூரிக்குப் பக்கத்தில் ஏதாவது ஓர் ஏரி இருக்கும். அதன் மடையை யார் திறப்பது, எந்தத் தெருவின் வயலுக்கு முதலில் தண்ணீர் போகும், கடைமடை யாருடையது, கரையில் ஆக்கிரமிப்பு யாருடையது, மீன் ஏலம் யார் எடுக்கிறார்கள் என்று கேட்டுவரச் சொல். நிலவரி, சாதி, சட்டம், மழை எல்லாம் அந்த ஒரு நீர்நிலையில் கிடைக்கும். மாணவர்களில் சிலருக்கு அது அப்பாவின் வேலையாக இருக்கும். பெரும்பாலான வகுப்புகளில் பேசாமல் இருக்கும் அந்தப் பிள்ளைக்கு அன்று மற்ற எல்லோரையும்விட அதிகம் தெரிந்திருக்கும்.

மொழியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தமிழில் யோசிக்கட்டும், தமிழில் வாதாடட்டும். பெரியசாமித் தூரன் தலைமையில் 1954 முதல் 1968 வரை கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகள் வந்தன. அறிவு முழுவதையும் தமிழில் சொல்லலாம் என்பது அன்றே தீர்ந்த விஷயம். ஆனால் தீர்ப்பு ஆங்கிலத்தில் இருந்தால் அதை ஆங்கிலத்திலேயே, ஒரு பத்தியை ஒரு மணி நேரம் ஆனாலும், பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வை. ஆங்கிலத்தைக் கண்டு பயந்து ஒதுங்கியவன் கோர்ட்டிலும் அலுவலகத்திலும் அடுத்தவர் மொழிபெயர்ப்பை நம்பியே நிற்பான்.

இன்னொரு வாசலும் இருக்கிறது, நாம் போகாத வாசல். உன் கல்லூரி இருக்கும் ஊரிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் ஆட்கள் கட்டட வேலையிலும் ஓட்டலிலும் மில்லிலும் இருப்பார்கள். நம் பிள்ளைகள் அவர்களைக் கேலியாக ஒரே சொல்லில் ‘வடக்கன்’ என்று முடித்துவிடுகிறார்கள். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி விசாரிக்கும் அளவுக்குப் போனது. இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் தெரியாததால்தான் அந்தப் பொய்க்குக் கால் முளைத்தது. வரலாற்று மாணவனுக்கு இங்கே ஒரு கடமை இருக்கிறது. 1966இல் பம்பாயில் சிவசேனை தொடங்கியதும் முதலில் குறிவைத்தது தென்னிந்தியர்களை. அன்று உடுப்பி ஓட்டல்கள் அடிபட்டன, வேட்டி கட்டியவர்களைக் கேலி செய்யும் கோஷம் தெருவில் கேட்டது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடப் போன குடும்பங்கள் தாராவியில் வாழ்ந்த காலம் அது. இலங்கையில் 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பிறகு திரும்பி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் இன்றும் இருக்கிறார்கள். இதையெல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஆளுக்கு ஒரு வடமாநிலத் தொழிலாளரிடம் போய் அரை மணி நேரம் பேசி, அவர் ஊர், அவர் நிலம், ரயில் ஏறிய நாள், இங்கே வாடகை, கூலி பிடித்தம் எல்லாவற்றையும் எழுதி வரச் சொல். இந்தி தெரியாதே என்பார்கள். தெரிந்த கடைக்காரரையோ, தமிழ் கற்றுக்கொண்ட இன்னொரு தொழிலாளரையோ துணைக்கு அழைத்துக்கொள்ளட்டும். மணிமேகலையைப் புரிந்துகொள்ள உ.வே.சா.வும் ஒரு துணையைத் தேடித்தானே போனார்.

பேட்டி எடுக்கப் போகிறவர்களுக்கு மூன்று விஷயம் கண்டிப்பாகச் சொல்லிவிடு. அனுமதி கேட்காமல் போனில் பதிவு செய்யக்கூடாது. பெயரை மாற்றி எழுத வேண்டும். முதலாளி முன்னால் கூலி பற்றிக் கேட்கக்கூடாது. இந்த மூன்றையும் ஏன் என்று அவர்களே விவாதித்துக் கண்டுபிடித்தால் இன்னும் நல்லது. என் மாணவர்களில் ஒருவன் திரும்பி வந்து, சார், அவரு ஊரிலயும் டேங்க்ல தண்ணி எடுக்க விடமாட்டாங்களாம் என்று சொன்னான். அதைச் சொன்ன பையனின் குரலில் ஆச்சரியம் இருந்தது. அதுவரை சாதி தன் ஊருக்கு மட்டும் சொந்தமான அவமானம் என்று அவன் நினைத்திருந்தான். இந்தியா என்ற பாடத்தில் நான் நடத்திய எந்த விரிவுரையும் அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்காது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, சிலபஸை எப்போது முடிப்பது என்று நீ கேட்பாய். நியாயமான கேள்வி. இப்போதைய பாடத்திட்டத்தில் இதற்கு இடம் இல்லை என்பதும் உண்மை. செண்பகம் வழக்கு ‘அரசமைப்புத் திருத்தங்கள்’ என்ற யூனிட்டில் ஒரு வரியாகவும், ஐந்து மார்க் கேள்வியாகவும் இருக்கும். அதை நீ ஒருவன் வகுப்பில் சரிசெய்ய முடியாது. உங்கள் கல்லூரி தன்னாட்சி பெற்றது என்கிறாய், ஆகவே பாடத்திட்டக் குழு உங்கள் கையில்தான் இருக்கிறது. ஜூனியர் என்பதால் உன்னை மினிட்ஸ் எழுதச் சொல்வார்கள். எழுது, ஆனால் வாயை மூடிக்கொண்டு எழுதாதே. மூன்றாம் வருடத்தில் ஒரு விருப்பப் பாடம், வட்டார வாய்மொழி வரலாறு என்று கேள். மதிப்பெண்ணில் பாதி களப்பணி ஏட்டுக்கு, பாதி வெளித்தேர்வாளர் முன்னால் நேர்முகத் தேர்வுக்கு. எழுத்துத் தேர்வு வேண்டாம் என்று பிடிவாதமாக நில், எழுத்துத் தேர்வு வந்தால் அடுத்த வருடமே நோட்ஸ் வந்துவிடும். எதிர்ப்பு வரும். களப்பணிக்குப் பெண் பிள்ளைகளை எப்படி அனுப்புவது என்பார்கள், அதற்கு ஜோடி ஜோடியாக, பகல் நேரத்தில், கல்லூரிக்குப் பக்கத்து ஊர்களுக்கு என்று பதில் வைத்துக்கொள். வேலைக்கு என்ன பயன் என்பார்கள், அதற்குத் திறன் பயிற்சி ஒருங்கிணைப்பாளரே நீதான், அந்தப் பட்டியலிலேயே இதையும் சேர்க்கச் சொல். அடுத்த கூட்டம் ஜனவரியில் என்று எழுதியிருந்தாய். ஐந்து யூனிட்டுக்கும் வரைவை எழுதி, நூல் பட்டியலோடு பொங்கலுக்கு முன்னால் எனக்கு அனுப்பிவை. திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியர்